நீல வீட்டுக் குடித்தனங்கள்

நேயர்களுக்கு வணக்கம். ஹாங்காங்கின் வான் சாய் பகுதியில் ஸ்டோன் நல்லா லேன் என்றொரு தெரு. அங்கே நீல வீடு எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்லிவிடுவார்கள். 1920களில் கட்டிய நான்கு தள ஒண்டுக் குடித்தனக் கட்டடம் அது. கீழே கடை, மேலே குடித்தனங்கள், தெருவை எட்டிப் பார்க்கும் பால்கனிகள். இந்த வகைக் கட்டடத்துக்கு அவ்வூரில் தோங் லாவ் என்று பெயர்.

நீலத்துக்குப் பெரிய காரணமெல்லாம் தேட வேண்டாம். 1990களில் அரசு வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்க வந்தபோது, குடிநீர் வழங்கல் துறையிடம் மிஞ்சியிருந்தது நீலப் பெயின்ட்தானாம். அடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படத்தில் விழாத சங்கதி கழிப்பறை. புதுப்பிக்கும் வரை பல வீடுகளில் ஃப்ளஷ் கழிப்பறையே இருந்ததில்லை, வாளிதான். அந்த வாளியை ஒரு நாளாவது தூக்கியவர் பழைய வாழ்க்கையின் அழகைப் பற்றிப் பேசமாட்டார். குறுகலான மரப்படியில் எதிரே ஆள் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். ஒதுங்கும்போது இரண்டு வார்த்தை பேசாமல் எப்படி இருப்பது? பக்கத்து வீட்டுக்காரரின் இருமலைக்கூட இன்னாருடையது என்று தெரிந்துகொள்ளும் நெருக்கம் அப்படித்தான் வளர்ந்திருக்க வேண்டும். அதில் பாதி பாசம், பாதி எரிச்சல்.

2006இல் புதுப்பிக்கும் திட்டம் வந்தது. குடியிருப்பவர்களை வெளியேற்றிவிட்டு, தேநீரையும் மருத்துவத்தையும் காட்டும் இடமாக அதை மாற்றுவதாக யோசனை. மருத்துவம் ஏனென்றால், 19ஆம் நூற்றாண்டில் அதே மனையில் ஒரு மருத்துவமனை இருந்தது. செத்துப்போன மருத்துவமனைக்கு இடம் உண்டு, உயிரோடிருக்கும் குடித்தனக்காரருக்கு இல்லை! குடியிருப்பவர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்துகொண்டு, "வீடும் இருக்கட்டும், ஆட்களும் இருக்கட்டும்" என்று நின்றார்கள். கடைசியில் அதுவே நடந்தது. செயின்ட் ஜேம்ஸ் செட்டில்மென்ட் என்ற தொண்டு நிறுவனம் பொறுப்பேற்றது. மரப்படி நின்றது, லிஃப்டும் கழிப்பறையும் வந்தன. 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் உயரிய விருது கிடைத்தது.

விருதைவிட எனக்குப் பிடித்தது வேறு. காலியான வீடுகளுக்குப் புதுக் குடித்தனக்காரரைத் தேர்ந்தெடுத்தபோது வாடகைக் கணக்கோடு நிறுத்தவில்லை. இந்த அக்கம்பக்கத்துக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதையும் பார்த்தார்கள். என்னிடம் கேட்டிருந்தால் சற்றுத் திணறித்தான் போயிருப்பேன். வணக்கம்.