ரயில் ஜன்னலில் கொக்கும் கரிச்சானும்

அவையோருக்கு வணக்கம்.

ஓடுகிற ரயிலில் பறவை பார்க்க முடியாது என்பவர்கள் பெரும்பாலும் தண்டவாளத்தை ஒட்டியே பார்க்கிறவர்கள். வண்டி 90 கிலோமீட்டர் வேகத்தில் போனால், விநாடிக்கு 25 மீட்டர். 25 மீட்டர் தள்ளியுள்ள கம்பியில் இருக்கும் பறவை நேரெதிரே வரும்போது, விநாடிக்கு 57 டிகிரி நகர்கிறது. கண்ணுக்குப் பிடிபடாது. அதே பறவை 100 மீட்டர் தள்ளி வயலில் நின்றால் 14 டிகிரிதான். நேரெதிரே பார்க்காமல் 45 டிகிரி சாய்த்துப் பார்த்தால் அதிலும் பாதி. வண்டி போகும் திசைக்கு முதுகு காட்டி உட்காருங்கள். பறவை உங்களை விட்டு விலகிக்கொண்டே போகும், பார்க்க நேரம் கிடைக்கும்.

ஏ.சி. பெட்டி வேண்டாம். இரட்டைக் கண்ணாடியும் உள்விளக்கின் பிரதிபலிப்பும் நிறத்தைக் கெடுத்துவிடும். காலையில் சென்னையிலிருந்து தெற்கே போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். வெயில் இடப்பக்கம் இருப்பதால் வலப்பக்கத்துப் பறவைகள்மீது வெளிச்சம் விழும். இடப்பக்கம் உட்கார்ந்தால் எல்லாமே கறுப்பு நிழல். பைனாகுலரை ஜன்னல் சட்டத்தில் ஊன்றாதீர்கள், அதிர்வு முழுவதும் படத்தில் ஏறிவிடும். முழங்கையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். அப்படிப் பிடித்தாலும் ஓடும்போது 8 மடங்கு பைனாகுலர் பெரும்பாலும் உதவாது, அது சிக்னலில் நிற்கும்போதுதான். தலையையும் கையையும் வெளியே நீட்டவே கூடாது.

இனி அடையாளம். இறகின் நுணுக்கத்தை மறந்துவிடுங்கள். உட்காரும் விதமும் பறக்கும் விதமும் போதும். கம்பியில் கறுப்பாக, வால் பிளந்திருந்தால் கரிச்சான். எழும்பிப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத் திரும்பும் சின்னப் பச்சைப் பறவை பஞ்சுருட்டான். மங்கிய பழுப்பாய்ப் பெரிய தலையோடு உட்கார்ந்திருப்பது, பறந்ததும் சிறகில் நீலம் பளீரிட்டால் பனங்காடை. வயல் வரப்பில் மண்ணோடு மண்ணாய் இருந்தது, எழும்பியதும் வெள்ளையாகிவிட்டதா? மடையான். இந்த ஒரு மாற்றத்தைக் காண்பதற்காகவே டெல்டாவில் பகல் வண்டியில் போகலாம்! கழுத்தை மடக்கிப் பறந்தால் கொக்கு இனம், நீட்டிப் பறந்தால் நாரையோ அரிவாள் மூக்கனோ. வயலுக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பது கருந்தோள் பருந்து. தண்ணீருக்கு மேல் அப்படி நிற்பது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி.

சென்னை – மயிலாடுதுறை பாதையில் பரனூர் தாண்டியதும் கொளவாய் ஏரி. அதற்குமுன்பே பேச்சை நிறுத்திவிடுங்கள். பாலாற்றுப் பாலம் கடந்து மதுராந்தகம் வரை, டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலைகளில், வேடந்தாங்கல் பக்கத்து நத்தைகுத்தி நாரைகளும் கொக்குகளும் இரைதேடிப் போவதை வானில் பாருங்கள். கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவையை எண்ணி, அந்த அளவை மனத்துக்குள் கூட்டம் முழுவதும் அடுக்கிக்கொண்டே போங்கள். சிதம்பரம் தாண்டினால் கொள்ளிடம், மணல்திட்டு ஓரங்களை விடாதீர்கள்.

குறிப்பை அப்போதே எழுத வேண்டும். மூன்று ஸ்டேஷன் கடந்தபின் எழுதினால் எது எந்த ஏரி என்று குழம்பிவிடும். ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுகிறவர்கள் முழுப் பயணத்துக்கும் ஒரே பட்டியல் போடாதீர்கள். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பிரித்துப் போடுங்கள். சின்னக் கொக்கா, நடுத்தரக் கொக்கா என்று அலகும் காலும் தெரியாவிட்டால் ஊகிக்காமல், வெறும் கொக்கு என்றே எழுதுங்கள்.