பின்னாடி பார்த்து உட்கார்ந்தவள்

நடுவர் அவர்களுக்கும் களியக்காவிளைப் பெரியோர்களுக்கும் வணக்கம். தலைப்பு, 'கல்லூரியில் ஆளை வளர்ப்பது வகுப்பறையா, விளையாட்டா?' நான் விளையாட்டு. வணக்கம் இவ்வளவுதான், ஏனென்றால் எதிரணி அண்ணன் என்னை நன்றாக இடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

என்ன சொன்னார்? "தங்கச்சி கேரளத்துக் கல்லூரியில் படகு வலித்தவள். சுண்டன் வள்ளம் என்கிற பாம்புப் படகில்கூட முன்னாடி பார்த்துத்தான் துடுப்புப் போடுவார்கள். இவர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு போவார்கள். போகிற திசையே தெரியாதவள் எங்கே முன்னேற?" எல்லாரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன்.

அண்ணே, 1952-ல் ஆலப்புழைக்கு வந்த நேருவுக்காக விட்டார்களே, அது சுண்டன் வள்ளம். கையில் பிடிக்கும் துடுப்பு. எங்களுடையது எட்டுப் பேர் வலிக்கிற பந்தயப் படகு. 60 அடி நீளம் இருக்கும், அகலம் இரண்டடி. துடுப்பு படகோடு பூட்டியிருக்கும். காலை உதைத்து, இருக்கையோடு சறுக்கிச் சாய்ந்து இழுக்க வேண்டும். முதுகு காட்டினால்தான் முழு உடம்பின் பலமும் துடுப்பில் இறங்கும். வழி பார்க்க ஒன்பதாவதாக ஒருத்தி இருப்பாள், காக்ஸ்.

முதல் பந்தயம், 2,000 மீட்டர். பாதியில் எனக்கு நண்டு பிடித்தது. துடுப்பு கோணலாக இறங்கித் தண்ணீரில் மாட்டிக்கொள்வதற்கு அப்படிப் பெயர். வீட்டில் "நண்டு பிடிச்சேன்" என்றதும் அம்மா, "எத்தனை? கொண்டா, தேங்காய் அரைச்சு வைக்கேன்" என்றாள்.

படகு நின்றேவிட்டது. மறுபடி வலித்தோம். பார்க்கிறேன், ஒரு படகையும் காணோம். வெறும் தண்ணீர், ஒரு நாரை. எல்லாரையும் எவ்வளவு தூரம் பின்னால் விட்டுவிட்டோம் என்று பூரித்துப்போய் இன்னும் ஓங்கி உதைத்தேன். அண்ணே, முதல் படகில் இருப்பவளுக்குத்தான் மற்ற படகெல்லாம் கண்ணில் படும். ஒன்றுமே தெரியவில்லையென்றால் நீ கடைசி! மூச்சிரைக்கக் காக்ஸிடம், "மற்றவங்க எங்கே?" என்றேன். "அவரு சாய குடிக்குன்னு, நீ வலிக்கு" என்றாள். மலையாளத்தில் சாய என்றால் டீ.

சிரிப்பு அடங்கவில்லை, மறுபடி சொல்கிறேன். வெறும் தண்ணீர், ஒரு நாரை, நடுவில் வெற்றிச் சிரிப்போடு நான். இது வகுப்பறையிலும் நடக்கும் அண்ணே, மார்க் பட்டியல் வரும்வரை தெரியாது.

கரையில் கோச் கேட்டார், "யார் துடுப்பு?" எட்டுப் பேரும் வாய் திறக்கவில்லை. தப்பையெல்லாம் தம்பி தலையில் கட்டியே வளர்ந்த நான் கையைத் தூக்கினேன்.

இன்னும் இரண்டு பாயிண்ட் எழுதி வந்தேன், நடுவர் மணியைத் தொடுகிறார், விடுங்கள். அந்தக் கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்குவார். ஏழு மணிக்கும் எழும்பாத மகள் நாலரைக்குக் காயலுக்குப் போகிறாள் என்றால் அவர் நம்பவில்லை. ஓண லீவில் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடக் கை கழுவும்போது சோப்பு பட்டு முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டார். கையை வாங்கி விரித்தார். விரலடியில் வரிசையாக நான்கு கொப்புளம், இரண்டு உடைந்திருந்தது. பேசாமல் தன் கையைப் பக்கத்தில் விரித்தார். கத்தி பிடித்த காய்ப்பு, அதே வரிசையில்.

"வலிக்குதா மக்களே?"

படகைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, "நல்லா வலிக்கேன்பா" என்றேன்.