54 கிலோ 46 ஆனால்: ரத்தப் புற்றுநோயில் எடை சொல்லும் சேதி

(திரையில்: விடியற்காலை, தருமபுரி பேருந்து நிலையம். ஓசூர் வழியாகப் பெங்களூரு போகும் பஸ்.)

இந்த பஸ்ஸில் மஞ்சப்பையில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் பெங்களூரு கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள். சேலம் பஸ்ஸிலும் வேலூர் பஸ்ஸிலும் இப்படிச் சிலர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராகப் பாலக்கோட்டு அம்மா ஒருவரை மனதில் வைத்துக்கொள்வோம். வயது 58. வந்திருப்பது லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்துப் புற்றுநோய். உயரம் 150 சென்டிமீட்டர். பொங்கல் சமயத்தில் 54 கிலோ இருந்தார். வைகாசியில் 46. "என்னக்கா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, சுகரா?" என்று தெருவில் கேட்கிறார்கள்.

(திரையில்: 46 ÷ 2.25 = 20.4)

பிஎம்ஐ என்பது எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண். அம்மாவுக்கு 20.4. ஆசியர்களுக்கு 18.5 முதல் 23 வரை சரியான எடை என்பார்கள். அட்டவணைப்படி அவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போனது 8 கிலோ, கிட்டத்தட்ட 15 சதவீதம்! லிம்போமாவில் 6 மாதத்துக்குள் காரணம் தெரியாமல் 10 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், அதைக் காய்ச்சல், துணி நனையும் இரவு வியர்வை இரண்டோடும் சேர்த்து 'பி அறிகுறிகள்' என்று டாக்டர்கள் தனியாகக் குறித்துக்கொள்வார்கள். நோய் தீவிரமாக இருக்கிறது என்பதன் அடையாளம் அது. அதனால் இன்றைக்கு எத்தனை கிலோ என்பது மட்டும் போதாது. எத்தனையிலிருந்து இறங்கியது, எத்தனை மாதத்தில் இறங்கியது என்பதும் தெரிய வேண்டும்.

சரி, குண்டாக இருந்தால் நல்லதா? மல்டிபிள் மைலோமா, அதாவது எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்தப் புற்றுநோய், வருவதற்கு உடல் பருமனும் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது. ஆனால் நோய் வந்தபிறகு, சற்றே பருமனானவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக மைலோமாவிலும் லிம்போமாவிலும் சில ஆய்வுகள் உண்டு. கொழுப்பு காப்பாற்றியது என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் தெரியவந்த நாளில் ஒல்லியாக இருப்பவர்களில் பலர் அந்த நோயாலேயே இளைத்தவர்கள். இளைக்க வைத்த அதே நோய்தான் ஆயுளையும் குறைக்கிறது.

பிள்ளைகளுக்கு வரும் லுக்கீமியாவில், அதாவது வெள்ளை அணுக்களின் புற்றுநோயில், கதை வேறு. 10 வயதைத் தாண்டிய பருமனான பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏன்?

(திரையில்: கொழுப்புச் செல் பக்கத்தில் ஒட்டி நிற்கும் புற்றுச் செல்.)

அஸ்பாராஜினேஸ் என்ற ஊசி, புற்றுச் செல்லுக்கு வேண்டிய அஸ்பாராஜின், குளுட்டமின் என்ற இரண்டு தீனியையும் ரத்தத்தில் இல்லாமல் செய்து அதைப் பட்டினி போடுகிறது. பக்கத்தில் இருக்கும் கொழுப்புச் செல்லோ குளுட்டமினைச் சுரந்து அதற்கு ஊட்டிவிடுகிறது. புற்றுச் செல்லைக் கொல்லும் டானோருபிசின் மருந்தைக் கொழுப்புச் செல் தானே உறிஞ்சி எடுத்துக்கொள்வதும் ஆய்வகத்தில் தெரியவந்தது. அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட்டுவிடாதீர்கள். எலும்பும் தோலுமான பிள்ளைக்குத் தொற்று சீக்கிரம் பிடிக்கும், ஊசி தள்ளிப்போகும், அதுவும் உயிருக்கு ஆபத்துதான்.

மருந்தின் அளவிலும் எடை நுழைகிறது. பல கீமோ மருந்துகளை உயரமும் எடையும் சேர்ந்த உடற்பரப்பைக் கணக்கிட்டே கலக்குகிறார்கள். நம் அம்மாவுக்கு 54 கிலோவில் அது 1.5 சதுர மீட்டர். 46 கிலோவில் 1.38. ஒவ்வொரு முறையும் நர்ஸ் எடை மிஷினில் ஏறச் சொல்வது இதற்காகத்தான். "போன தடவை பார்த்த எடையே எழுதிக்கோங்கம்மா" என்று சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம், என்னை அதிகம் கவலைப்பட வைப்பது எடை கூடும் கட்டம். சிகிச்சையில் கொடுக்கும் பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் பசியைக் கிளப்பும், உடம்பில் நீரைத் தேக்கும். "அத்தைக்கு முகம் தெளிஞ்சிடுச்சு, 3 கிலோ ஏறிட்டாங்க" என்று மருமகள் சந்தோஷப்படுகிறாள். அதே சமயம் தொடைச் சதை கரைந்துகொண்டிருக்கும். முகத்தை விடுங்கள், அத்தை தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா என்று பாருங்கள். போன மாதம் எழுந்தவர் இந்த மாதம் சுவரைப் பிடிக்கிறார் என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சதை குறைந்தவர்கள் சிகிச்சையைத் தாங்குவது கடினம்.

சதைக்குப் புரதம் வேண்டும். நம் ஊரில் உடம்பு சரியில்லை என்றால் கேழ்வரகுக் களி, கஞ்சி. சுண்ணாம்புச் சத்துக்குத் தானியங்களில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் 200 கிராம் மாவில் கிண்டிய களியிலும் புரதம் 14 கிராம்தான். 46 கிலோ அம்மாவுக்கு ஒரு நாளைக்கு 55 கிராமாவது வேண்டும். களியோடு கொள்ளுப் பருப்பு, நன்றாக வெந்த முட்டை, கோழிக் குழம்பு, தயிருக்குப் பதில் கொதிக்க வைத்த பால் என்று சேர்க்க வேண்டும். வாய் கசந்தால் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை. மைலோமாவில் சிறுநீரகம் பழுதாகியிருந்தால் புரதத்தின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

(திரையில்: 40 பக்க நோட்டு, ஒரு பேனா.)

வாரம் ஒரு நாள், காலையில், வெறும் வயிற்றில், ஒரே மிஷினில் எடை பார்த்து எழுதுங்கள். நோய்க்கு முந்தைய எடை தெரியாதென்றால் பிரஷர் மாத்திரை வாங்கிய பழைய சீட்டுகளைத் தேடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் அக்காவிடமும் கேட்கலாம். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தப் பழைய எண்ணை நோட்டின் முதல் வரியில் எழுதி, டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "பொங்கலுக்கு 54 சார், இன்னைக்கு 46."