வண்டியில் விழுந்ததாக எழுதப்பட்ட காயம்

ஐ.டி.ஐ. படிப்பை முடித்து விரைவில் வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும், இங்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு கைகளும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் ராம், அதாவது மேலிருந்து வந்து அழுத்தும் பாகம், கீழே இறங்க வேண்டும். கை டை என்னும் அச்சுக்குள் இருக்கும்போது அது இறங்கிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. நான் வேலை பார்த்த பிரஸ் ஷாப்பில், உற்பத்தி குறைகிறது என்று ஒரு பொத்தானை டேப் ஒட்டி அமுக்கி வைத்திருந்தார்கள். சேர்ந்து நான்கே மாதங்கள் ஆகியிருந்த பத்தொன்பது வயதுத் தம்பியின் மோதிர விரல் நுனி இரவு ஷிப்டில் அதில் நசுங்கியது. அவன் கத்தவில்லை. எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியைச் சுற்றி, கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, மற்றொரு கையால் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பாக்கெட் நனைந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற சூப்பர்வைசர் வழியிலேயே, "வண்டியில விழுந்துட்டேன்னு சொல்லிடுப்பா, செலவைக் கம்பெனி பாத்துக்கும்" என்றார். அவனும் அப்படியே சொன்னான். மருத்துவமனையின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். எண்ட்ரியில் அதுவே ஏறியது.

விவரம் தெரியாத பையன் என்று பலர் சொன்னார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. ஓராண்டு டிரெய்னி ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்பது அதே சூப்பர்வைசரின் கையில் இருந்ததையும், வேலை வாங்கிக் கொடுத்த ஊர்க்கார அண்ணனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடும் என்பதையும், மூன்று நாள் லீவு போட்டால் அட்டெண்டன்ஸ் போனஸ் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பார்த்துத்தான் அவன் வாயை மூடிக்கொண்டான். போதாததற்கு, விபத்தில்லாமல் கடந்த நாட்களை எண்ணிக் காட்டும் பலகை ஒன்று கேட்டருகே நின்றது. எண்ணிக்கை நூறைத் தொட்டால் எல்லோருக்கும் பரிசு என்று அறிவித்திருந்தார்கள். தன்னால் அது பூஜ்யத்துக்குத் திரும்பினால் சக தொழிலாளர்களின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஒரு புதுப் பையன் நினைப்பதில் வியப்பில்லை. பாதுகாப்புக்கென்று வைத்த பலகையே காயத்தை மறைக்கச் சொல்லியது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

அந்த ஒரு பொய்யால் அவன் இழந்தது கொஞ்சமன்று. தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தில், பணியில் ஏற்பட்ட காயத்தால் வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். விரலின் ஒரு பகுதி போனாலும் நிரந்தர ஊன உதவித்தொகை கோரலாம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் வண்டியில் விழுந்தவனுக்கு இவற்றில் எதுவும் இல்லை. விபத்து என்று எழுதப்படாததால் அந்த டேப்பையும் யாரும் பிரிக்கவில்லை. மறுநாள் காலை ஷிப்டில் இன்னொருவர் அதே பிரஸ்ஸில் உட்கார்ந்தார்.

தம்பிகளே, தங்கைகளே, காயத்தை வாய்மொழியாகச் சொன்னாலும் அது முறையான அறிவிப்புதான். ஆனாலும் சூப்பர்வைசருக்கு அன்றே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் அதில் தானாகவே இருக்கும். மருத்துவர் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது, எந்த மிஷினில், எந்த ஷிப்டில் என்பதைச் சொல்லுங்கள். அவர் எழுதி முடிக்கும்வரை அங்கேயே நின்று, என்ன எழுதினார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு வாருங்கள்.