சீரம் ஃபவுண்டேஷன்: முன்பக்கம் வேண்டாம், பின்பக்க லேபிளைப் படிப்போம்

வணக்கம் மக்களே. முகத்தில் பாதி மேக்கப், பாதி வெறும் தோல், பயந்துவிடாதீர்கள், வேண்டுமென்றேதான் இப்படி உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கம் இருப்பது நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்த அந்த சீரம் ஃபவுண்டேஷன். நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்), ஈரம் பிடித்து வைக்கும் ஹயலூரானிக் அமிலம், எஸ்பிஎஃப் 30 (வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று காட்டும் எண்) என்று முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டு, மேக்கப் போடப் போட சருமமும் தேறிவிடும் என்று விற்கிறார்களே, அந்த வகை. பிராண்ட் பெயரை டேப் ஒட்டி மறைத்துவிட்டேன், ஏனென்றால் நான் சொல்லப்போவது இந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் இல்லை, மற்றபடி இது யாரிடமும் காசு வாங்கிப் போடும் வீடியோவும் இல்லை.

சரி, பாட்டிலைத் திருப்புகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... தெரிகிறதா? லேபிளில் எது அதிகம் இருக்கிறதோ அது முதலில் வரும், அப்படியே குறைந்துகொண்டே போகும். ஆனால் 1 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் எதை வேண்டுமானாலும் முன்னே பின்னே எழுதிக்கொள்ளலாம். அந்தக் கோடு எங்கே என்று யாரும் போட்டுக் காட்ட மாட்டார்கள், நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள், வழக்கமாக அதிகபட்சமே 1 சதவீதம்தான் போடுவார்கள். ஆக, அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் பெரும்பாலும் அதற்கும் கீழேதான். இதில் நியாசினமைடு எங்கே இருக்கிறது? அதற்கும் இரண்டு பெயர் தள்ளி. ஆய்வுகளில் நியாசினமைடு பலன் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதம் வரை போட்டபோது. இங்கே இருப்பது பெயருக்குத்தான்.

ஆனால் மேலே பாருங்கள், தண்ணீர், சிலிக்கோன், அடுத்தே கிளிசரின். முகப்பில் கிளிசரினைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! மலிவான பொருள், அதை விளம்பரம் செய்தால் யார் வாங்குவார்கள்? இந்தப் பக்கம் கன்னம் வறண்டு இழுக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எஸ்பிஎஃப் கதைக்கு வருவோம். அந்த 30 என்ற எண்ணைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். முகத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட கால் டீஸ்பூன். கால் டீஸ்பூன் ஃபவுண்டேஷனை முகத்தில் அப்பினால் கூத்துக்கு வேஷம் கட்டிய மாதிரி இருக்கும், பாட்டிலும் 30 மில்லிதான், ஒரு மாதம்கூட வராது. நாம் போடுவது இரண்டு சொட்டு. அதனால் கீழே சன்ஸ்கிரீன் கட்டாயம், இதில் எஸ்பிஎஃப் இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள்.

இப்போது உண்மையிலேயே நல்ல விஷயம் ஒன்று, இதையும் கம்பெனிக்காரர்கள் சொல்வதில்லை. லேபிளின் கடைசியில் சிஐ 77491, 77492, 77499 என்று எண்கள் இருக்கின்றன இல்லையா, அவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகள். நிறமிகளைக் கடைசியில் எழுதுவது வழக்கம், அதை வைத்து அளவு குறைவு என்று நினைக்காதீர்கள். வெயிலில் வரும் புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கு என்கிற கருந்திட்டுகளை அதிகமாக்கும், நம்மைப் போன்ற மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இன்னும் கூடுதலாக. வெள்ளையாக ஒட்டாத சாதாரண சன்ஸ்கிரீன் அந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுக்காது, இரும்பு ஆக்ஸைடு ஓரளவு தடுக்கும். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு நிறமுள்ள ஃபவுண்டேஷன், அடியில் சன்ஸ்கிரீனோடு சேர்ந்தால், நிஜமாகவே உதவி. சீரமே சேர்க்காத பழைய ஃபவுண்டேஷனிலும் இதே நிறமிகள்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஷேட்? ஜன்னல் பக்கம் திரும்புகிறேன். தாடைக் கோட்டில் பார்த்தால் கழுத்தோடு கலந்துவிட்டது, நல்ல மஞ்சள் சாயல். இதே பிராண்டில் ஒரு படி வெளுப்பான ஷேட் என் முகத்தில் சாம்பல் பூத்து நிற்கிறது. கடையில் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு வாங்காதீர்கள், தாடையில் போட்டு வெளியே வெளிச்சத்தில் கால் மணி நேரம் பொறுங்கள், சிலது காற்றுப் பட்டுக் கறுக்கும். இது கொஞ்சம் கறுத்தது, பொறுத்துக்கொள்ளலாம். சென்னைப் புழுக்கத்தில் மேலுதட்டு வியர்வைக்கு முன்னால் தோற்றுவிட்டது, இங்கே பாருங்கள், மூக்கோரம் திட்டுத் திட்டாகப் பிரிந்திருக்கிறது. எண்ணெய்ச் சருமம் என்றால் மூக்கு, மேலுதடு இரண்டுக்கும் மட்டும் பவுடர் ஒற்றுங்கள்.

வாங்கலாமா என்றால், ஷேட் பொருந்தினால் வாங்குங்கள், சீரத்துக்காக வாங்காதீர்கள். இதே கம்பெனியின் சாதாரண ஃபவுண்டேஷனைவிட இது கேட்கும் கூடுதல் விலைக்குத் தனி நியாசினமைடு சீரமே கிடைத்துவிடும், அதில் எத்தனை சதவீதம் என்றும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ராத்திரி கழற்றும்போது வெறும் ஃபேஸ்வாஷ் போதாது, சிலிக்கோன் தண்ணீருக்கு அசையாது, முதலில் க்ளென்சிங் ஆயில் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்புறம் முகம் கழுவுங்கள். அடுத்த வீடியோவில் இதே லேபிள் கணக்கை சன்ஸ்கிரீன் ஸ்டிக்குகளுக்குப் போட்டுப் பார்க்கலாம்.