வடக்கிருந்தவனும் தீப்பாய்ந்தவளும்

நேயர்களுக்கு வணக்கம். புறநானூறு நடத்தும்போது கோப்பெருஞ்சோழன் வந்ததும் மாணவர்கள் கேட்பார்கள்: "உண்ணாமல் இருந்து உயிரை விட்டிருக்கிறான், இது தற்கொலை இல்லையா?" நியாயமான கேள்விதான்.

கோப்பெருஞ்சோழன்மேல் அவன் பெற்ற பிள்ளைகளே போருக்கு வந்துவிட்டார்கள். உறையூரை ஆண்ட அவனும் படையோடு கிளம்பிவிட்டான். புலவர் புல்லாற்றூர் எயிற்றியனார்தான் குறுக்கே வந்தார். பிள்ளைகளைக் கொன்றுவிட்டால் நாட்டை யாருக்குக் கொடுப்பாய், தோற்றுப்போனால் பகைவர்களுக்குத்தானே கொண்டாட்டம் என்று கேட்டார். போர் நின்றது, மானம் ஆறவில்லை. ஆற்றின் நடுவே மர நிழல் புள்ளி புள்ளியாக விழும் ஒரு திட்டில், உண்ணாமல் உயிர்விட வடக்கு நோக்கி உட்கார்ந்தான்.

கூடவே உட்கார வந்தவர்களில் புலவர் பொத்தியாரும் ஒருவர். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வா என்று சோழன் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டான். யாருக்கு அனுமதி, யாருக்கு இல்லை என்ற கணக்கு அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது.

சமணரிடம் இப்படி உண்ணாமல் உயிர்விடுவது துறவின் கடைசிப் படி. செஞ்சி அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரைப் பற்றி வட்டெழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அப்புறம் 2015 ஆகஸ்டில் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்த நோன்பைக் குற்றம் என்றது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது.

இதைக் கேட்கும்போது யாருக்காவது மனம் பாரமாக இருந்தால், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இப்போதே கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம்.

சரி, என்னை அதிகம் தொந்தரவு செய்வது சோழன் இல்லை, பூதப்பாண்டியன் என்ற அரசனின் மனைவி பெருங்கோப்பெண்டு. அவன் இறந்ததும் அவள் தீயில் இறங்கக் கிளம்புகிறாள், சான்றோர் தடுக்கிறார்கள். அவர்களைத் திட்டி அவள் பாடியதுதான் புறம் 246. கணவன் மேல் வைத்த அன்பு என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் பாட்டில் ஏறக்குறைய பாதி கைம்பெண்ணின் சாப்பாடும் படுக்கையும்தான் வருகின்றன. நெய் படாத, கையால் பிழிந்தெடுத்த நீர்ச்சோறு, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக்கல் மேல் தூக்கம். இப்படிக் கிடக்கும் பெண் நான் இல்லை என்கிறாள். அந்த விதியை அவளுக்கு எழுதியது யார்? சான்றோர் தடுத்தது உண்மைதான். ஆனால் நெய்ச்சோறும் பாயும் உனக்கு உண்டு, வீட்டுக்கு வா என்று அவர்களில் ஒருவரும் சொன்னதாகப் பாட்டில் இல்லை.