போட்டு யார்டுல, நம்ம ஃபோர்ட் கொச்சில

வணக்கம் மக்களே, நம்ம மீன்பிடி போட்டு இன்னும் ரிப்பேர் யார்டுல தான் ஏறி நிக்குது, கியர் பாக்ஸைப் பிரிச்சு போட்டிருக்காங்க, ஒரு பார்ட்ஸ் வரணுமாம், கேட்டா "நாளெ வரும்"ங்கிறாங்க, எந்த நாளைனு மட்டும் கேக்கக்கூடாது. நம்ம கன்னியாகுமரி தூத்தூர் பக்கத்து ஆளுங்க எவ்வளவு காலமா இந்த கொச்சி தோப்பும்படி ஹார்பர்ல போட்டு கட்டுறோம், ஆனா ஐஸு, டீசலு, ஏலம், இதைத் தாண்டி கொச்சிய எவன் பாத்தான்? அதான் இன்னைக்கு கிளம்பியாச்சு.

இந்த துறைமுகமே வெள்ளம் போட்ட பிச்சைனு சொல்றாங்க. 1341-ல பெரியாறு பொங்கி அந்தக் காலத்து முசிறி துறைமுகம் மண்ணடிச்சு போச்சாம், அதே வெள்ளம் இந்தப் பக்கம் வாயைத் தொறந்து விட்டுருச்சு. ஆனாலும் அழிமுகத்துல, அதான் முகத்துவாரத்துல, மண்திட்டு கிடந்ததால பெரிய கப்பலெல்லாம் வெளிய தான் நங்கூரம் போடும். 1920-ல பிரிஸ்டோனு ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் வந்து, அந்த திட்டை வெட்டி ஆழமாக்க ஏற்பாடு பண்ணாரு, தோண்டின மண்ணுல உண்டானது தான் அந்தா தெரியுதே, வில்லிங்டன் தீவு. முகத்துவாரத்துல மண்ணு ஏறுனா என்னாகும்னு நம்ம தேங்காப்பட்டணத்துக்காரங்களுக்கு சொல்லவே வேணாம், எத்தனை உசுரு போயிருக்கு அங்க.

இது செயின்ட் பிரான்சிஸ் சர்ச். வாஸ்கோட காமா 1524-ல கொச்சில தான் செத்தாரு, இங்க தான் புதைச்சாங்க, 1539-ல எலும்பை போர்ச்சுகலுக்கு கொண்டு போயிட்டாங்க, இப்ப கல்லறை காலி. அதையும் ஃபோட்டோ எடுக்க கூட்டம்!

சீனவலை தான் நான் ரொம்ப நேரம் நின்னு பாத்தது. மரக்கம்பு, கயிறு, மறுபக்கம் கட்டித் தொங்குற பாறாங்கல்லு, இவ்வளவுதான் மக்களே, மோட்டரே கிடையாது, ஒரு ஆள் அந்த பெரிய கட்டை மேல நடந்து போனாலே போதும் வலை தண்ணில இறங்கிரும், தூக்கும்போது கீழ நிக்குறவங்க எல்லாரும் கயித்தைப் பிடிச்சு இழுக்கணும், கல்லு எடைக்கு எடை நிக்குறதால ஏறி வந்துருது. ஏறி வந்ததுல என்ன இருந்துச்சு? ரெண்டு கணம்பு மீனு, பாக்கி பாசியும் பிளாஸ்டிக்கும். டூரிஸ்ட் குடுக்குற காசு இல்லேனா அவங்க பாடு கஷ்டம் தான்.

அப்புறம் 'வெளி'னு பேரு உள்ள மைதானம் பக்கம் போனா ஒரு தோபிகானா, அதான் துணி வெளுக்குற இடம், உள்ள நுழைஞ்சா காதுல விழுறது தமிழு! டச்சுக்காரன் காலத்துல பட்டாளத்து துணி துவைக்க கூட்டிட்டு வந்த வண்ணார் குடும்பங்களாம், டச்சுக்காரன் 1663-லயே கொச்சிய பிடிச்சவன், கணக்கு போட்டுக்கோங்க. ஆளுக்கொரு துவைக்கல்லு, கஞ்சி போட்டு, கிளிப்பே இல்லாம முறுக்கின கயித்து இடுக்குல சொருகி காயப் போடுறாங்க, காத்துல ஒண்ணு கூட பறக்கல. இஸ்திரி போட்டுட்டு இருந்த பெரியவர் மலையாளம் கலந்த தமிழ்ல "எந்த ஊருப்பா"னு கேட்டாரு, போட்டுக்காரன்னேன். என் டீசல் லுங்கி ஒண்ணு இருக்கு, வெளுத்து தருவீங்களான்னு கேட்டா, பையைப் பிரிச்சு மோந்து பாத்துட்டு சொன்னாரு, "இதுக்கு ரேட்டு வேற."